மூன்று நாள் புழுதி

புழுதியைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குப் பழைய பாட்டு, எனக்குப் புழுதி. எந்தப் பக்கமிருந்து கிளம்பியது, எத்தனை மணிக்கு ஊருக்குள் நுழைந்தது, போகிற போக்கில் யார் வீட்டுக் கொடியிலிருந்து எந்தத் துணியை உருவிக்கொண்டு போனது என்று, வீட்டுக்கு வந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே இருப்பேன். அலுவலகத்தில் எனக்குப் புழுதியார் என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். ஆனால் பழைய புலவர் ஒருவரின் பெயர்போல இருக்கிறதே என்று நான் சந்தோஷமாகவே வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் பேனாவை மூடியே வைத்திருக்கலாம். இப்போதைக்கு எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. எழுத வேண்டிய இடம் வந்தால் நானே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் அறிக்கை எழுதியே தேய்ந்தவன். எதை எங்கே சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான்கு இடங்களில் காற்றை அளக்கும் மெஷின் வைத்திருக்கிறோம். காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அது மணிக்கு ஒரு தரம் சொல்லும். ஒரு நாளின் சராசரி வரம்பைத் தாண்டினால் அது மீறல் நாள். வருடத்துக்கு மூன்று மீறல் நாள்வரை மேலிடம் பொறுத்துக்கொள்ளும். நான்காவது வந்தால் ஊருக்குக் கெட்ட பெயர். புதிய தொழிற்சாலைக்கு அனுமதி கிடைக்காது, எங்கள் மேலதிகாரி அம்மா தலைமை அலுவலகத்தில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும்.

ஆனால் சட்டம் போட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. எங்கோ வறண்ட சமவெளியில் கிளம்பிய புயல் மண்ணை வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டிவிட்டால் அதற்கு ஊர் என்ன செய்யும்? மலையில் இடி விழுந்து காடு பற்றிக்கொண்டால் யார்மேல் வழக்குப் போடுவது? புயலுக்கு நோட்டீஸ் அனுப்பினால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. அதனால், இயற்கை கெடுத்த நாளைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்கும்படி நாங்கள் கேட்கலாம். கேட்டால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். புயல் உண்மையாகவே வந்தது, எங்கள் மெஷினில் அளவை ஏற்றியது அந்தப் புயல்தான், மனிதரால் அதைத் தடுத்திருக்கவே முடியாது என்று மூன்றையும் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரையும் கவிழ்த்துவிடும். தடுக்கக்கூடிய புகை ஒரு பிடி கலந்திருக்கிறது என்று தெரிந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும்.

நான் எழுதிய பதினொரு விலக்கு அறிக்கையில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மற்ற ஊர்க்காரர்களின் கோப்பெல்லாம் சிவப்பு மை பூசிக்கொண்டு வீடு திரும்பும். என்னுடையது போனால் போனதுதான். அந்தப் பதினொன்றும் உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள், காற்றின் வரைபடத்திலிருந்து செய்தித்தாள் துணுக்குவரை அத்தனையும் கச்சிதமாக இருக்கும். போன வருடம் தலைமை அலுவலகம் என்னைக் கூப்பிட்டு நாற்பது பேருக்குப் பாடம் நடத்தச் சொன்னது. திரும்பி வந்தபோது மேடம் வாசலிலேயே நின்றுகொண்டு, "வாங்க புழுதியாரே, இனிமே உங்கள கையில பிடிக்க முடியாது போல" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இனி ஏணிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெஷினுக்குப் பக்கத்திலேயே பில்டர் தாள் வைக்கும் பெட்டி ஒன்றும் இருக்கும். உள்ளங்கை அகலத்தில் வட்டமான வெள்ளைத் தாள். ஒரு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி அது தூசியைப் பிடித்துவைக்கும். தினமும் காலையில் நான்கு கூரைகளிலும் ஏறி, பழைய தாளை எடுத்துப் புதியதை வைத்து வருவது அவர் வேலை. சைக்கிளில் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, முதலில் ஏணி வரும், அரை நிமிடம் கழித்து அவர் வருவார். சளைக்காமல் பேசுவார். தேநீர்க் கடையில் அவர் சொன்னது மதியத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

அவர் மனைவி தவறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரே பெண், ஒன்பது வயது. பெண்ணுக்கு அவரே தலை பின்னிவிடுவார். "ஏணிப்படி மாதிரியே பின்னி வச்சிருக்கீங்களே" என்று நாங்கள் கேலி செய்வோம். பள்ளி விடுமுறை நாட்களில் பாப்பா அலுவலகத்துக்கு வரும். என்னைக் காத்து மாமா என்று கூப்பிடும். "காத்துக்கு எடை இருக்கா மாமா?" என்று ஒருநாள் கேட்டது. இருக்கிறது என்றேன். "அப்ப நம்ம தலைமேல எவ்ளோ கனம் உக்காந்திருக்கு," என்று சொல்லிவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. கறைபட்டதால் கழித்துவிட்ட தாள்களை அதற்குக் கொடுப்பேன். வட்டத் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வரையும். எனக்கு மீசை கொஞ்சம் கூடுதலாகவே வரைந்திருக்கும். பாப்பாவுக்கு இழுப்பு உண்டு. பள்ளிப் பையின் ஓரத்தில் மருந்து வைக்க அவர் ஒரு சின்னப் பை தைத்திருந்தார். நல்ல தையல்.

புயல் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அருமையான புயல். மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து நின்றது. இரண்டு மணிக்குள் எதிர்க் கட்டடம் மறைந்துவிட்டது. நான் ஜன்னலருகே நின்று, குறிப்பு நோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு மெஷினிலும் எண் வரம்பைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு மீறல் நாள் ஆகியிருந்தது, அதனால் மேடம் முகத்தில் ஈயாடவில்லை. "கவலப்படாதீங்க மேடம், இது சாமி கொடுத்த புயல், கண்ண மூடிட்டு விலக்கு வாங்கிடலாம்" என்றேன். மாலைக்குள் காற்று அடங்கியது.

புதன்கிழமை காலை வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. மூன்று மெஷினும் ஒழுங்காக இறங்கிவிட்டன. பள்ளிக்கூடத்துக் கூரையில் இருக்கிற மெஷின் மட்டும் இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் புரிந்துவிடும். தூசியில் பெரியது, நுண்ணியது என்று இரண்டு உண்டு. மெஷின் இரண்டையும் தனித்தனியாக அளக்கும். மண்புயல் என்றால் பெரியது எகிறும், நுண்ணியது ஏதோ கொஞ்சம் ஏறும். புகை என்றால் நேர்மாறு. புதன்கிழமை பள்ளிக்கூடத்து மெஷினில் பெரியது படுத்துக்கிடந்தது, நுண்ணியது கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பில் நான் நடத்தும் பாடம் இதுதான். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை. பார்த்த நிமிடமே தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போனேன். பள்ளிக்கூடம் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், மேட்டில், பழைய சாமான் கிடங்கு. பழைய மெத்தை, வயர் தோல், ஓட்டை ஃபிரிட்ஜ் என்று மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். காவலாளி வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய துறை அட்டையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"நேத்து புயல்ல கரண்டு கம்பி அறுந்து மெத்த மேல விழுந்துச்சு சார். கரண்ட அப்பவே நிறுத்திட்டாங்க. ஆனா உள்ளுக்குள்ள பொகஞ்சுட்டே இருக்கு" என்றார்.

"தீ தெரியுதா?"

"தீயெல்லாம் இல்ல சார். பொகதான். தொண்டைய அறுக்குது. மொதலாளி ஊர்ல இல்ல. தீயணைப்புக்காரங்களக் கூப்பிடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன், அதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க."

குவியலின் உச்சியில் நீலம் கலந்த புகை நூல் நூலாக எழுந்துகொண்டிருந்தது. ஒரு தண்ணீர் லாரி வந்தால் ஒரு மணி நேர வேலை. நான் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் எல்லா அழைப்பும் பதிவாகும். கிடங்கில் புகை, இத்தனை மணிக்கு வந்தோம், இத்தனை மணிக்கு அணைத்தோம் என்று தாள் இருக்கும். அந்தத் தாளை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அணைத்துவிட்டால், அணைக்க முடிந்த ஒன்று என்று ஆகிவிடும். தடுக்கக்கூடிய புகை, அதுவும் செவ்வாய்க்கிழமை புயலோடேயே ஆரம்பித்த புகை. பிறகு செவ்வாய்க்கிழமைத் தூசியில் எவ்வளவு மண், எவ்வளவு மெத்தை என்று தலைமை அலுவலகம் கேட்கும். அவ்வளவு அழகான புயல் கெட்டுப்போகும்.

"யாரையும் கூப்பிட வேண்டாம். இது எங்க துறை கண்காணிப்புல இருக்கு. நாங்க சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன்.

"சரிங்க சார்."

"ரோட்டுல போறவங்க பார்த்துப் பயந்துக்கப் போறாங்க. மேல கொஞ்சம் தகரத்தப் போட்டு மூடிடுங்க."

அவர் உடனே நான்கைந்து தகரங்களை இழுத்துவந்து போட்டார். பாவம், சொன்னதைச் செய்கிற மனிதர், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். மேலே போக முடியாத புகை பக்கவாட்டில் தவழும், ஆறிப்போய்ப் பள்ளத்தைத் தேடி இறங்கும். அது எனக்குத் தெரியும். காற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு.

பேனாவை இங்கே திறந்துகொள்ளலாம்.

அன்று மாலை ஆறு மணிக்கு என் கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். என் மனைவியின் தங்கை. அவள் பெண்ணும் அந்தப் பள்ளிக்கூடம்தான், பாப்பாவின் வகுப்பேதான். "நாளைக்குப் பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பாதம்மா" என்றேன். ஏன் மாமா என்றாள். "வயித்துவலின்னு சொல்லிடு, எல்லாத்துக்கும் காரணம் கேட்டுட்டு இருக்காத" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதையும் உடனே கேட்கிற ரகம் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏணிக்காரர் என் மேஜைக்கு வந்தார். புதன்கிழமையின் தாள்கள் நான்கும் அவர் கையில் இருந்தன. மூன்று வெளுப்பாக, மெல்லிய பழுப்போடு இருந்தன. பள்ளிக்கூடத்துத் தாள் கறுப்பு. எண்ணெய்ச் சட்டியின் அடிப்பக்கம்போல.

"சார், இது மண்ணு இல்ல சார். விரல்ல ஒட்டுது. ஒரு மாதிரி நாறுது."

"புயல் போன பிறகு நுண்மண்ணு மெதுவாத்தான் இறங்கும். இப்படித்தான் இருக்கும்."

"நீங்க சொன்னா சரிதான் சார்." தாளை உறையில் போட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நிறம் என்று இருந்த இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். அடர் பழுப்பு என்று எழுதச் சொன்னேன். எழுதினார். போகாமல் ஏணியைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"சார், பாப்பாவுக்கு நேத்து சாயங்காலத்துல இருந்து இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. இன்னைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமா?"

அந்த நேரம் என் திரையில் பள்ளிக்கூடத்து மெஷினின் ஏழு மணிக் கணக்கு இருந்தது. முந்தைய நாளைவிட இரண்டு மடங்கு.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். தேநீர்க் கடையை நினைத்தேன். ஏணிக்காரர் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டால் ஒன்பது மணிக்குள் கடையில் பேச்சு வந்துவிடும். காற்றை அளக்கிற ஆளே தன் பெண்ணை அனுப்பவில்லையாமே என்று பத்து மணிக்குப் பள்ளியில் கேட்பார்கள். பதினோரு மணிக்கு யாராவது மதில்மேல் ஏறிப் பார்ப்பார்கள். என் கொழுந்தியாள் அப்படியில்லை, வாயைத் திறக்க மாட்டாள்.

"தாராளமா அனுப்புங்க. வெறும் புழுதிதான். ஒரு நாள் படிப்பு போச்சுன்னா யாரு சொல்லிக்கொடுப்பா?" என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். "இன்னைக்குப் பாட்டுப் போட்டி வேற இருக்குன்னு குதிச்சிட்டு இருக்கு." ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று காற்று அசையவே இல்லை. மதியம் ஒன்றரைக்கு மேல் ஒவ்வொரு குழந்தையாக இருமத் தொடங்கியது என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அவரும் புழுதி என்றுதான் நினைத்தார். காலையில் எங்கள் துறையின் அறிவிப்பு அப்படித்தான் இருந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். மண்ணுக்கு அது நல்ல யோசனை. புகைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்த அறிவிப்பை எழுதியதும் நான்தான். பதினொரு குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பேர் வீடு திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கிடங்கு தானாக அணைந்தது. யாரும் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் புயல் என்று அறிக்கை எழுதினேன். செவ்வாய் புயலின் வருகை, புதன் அதன் தங்கல், வியாழன் விடைபெறல். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஏழாவது இணைப்பு, ஆஸ்பத்திரிச் சேர்க்கை. உங்களுக்குத் தெரிந்திருக்காது, சேர்க்கை எண்ணிக்கை எங்கள் வேலையில் நல்ல ஆதாரம். ஊரில் திடீரென்று இத்தனை பேருக்கு மூச்சு முட்டியது என்றால் இயற்கை நிகழ்வு எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். வியாழக்கிழமை மாலையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பட்டியலை வாங்கிவிட்டேன். பெயர் போடுவதில்லை, வயதும் பாலினமும் மட்டும்தான். பதினொரு வரி. நாலாவது வரியில் பெண், ஒன்பது. அந்த அட்டவணை இல்லாவிட்டால் மூன்றாம் நாளுக்கு என் கையில் வேறு ஆதாரமே இல்லை.

நேற்று உங்கள் உதவியாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஏற்கெனவே ஆனது இரண்டு நாள். செவ்வாய்க்கிழமையை விட்டுவிடுவோம், அது உண்மைப் புயல், எப்படியும் விலக்கு கிடைத்திருக்கும். புதன் மதியமே தண்ணீர் லாரியைக் கூப்பிட்டிருந்தால் புதன் ஒன்றுதான் மீறல். ஆக மூன்று. வரம்புக்குள்தான் இருந்திருப்பீர்கள், ஊருக்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்றார். கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் கணக்கைக் கிடங்கு வாசலில் நின்று நானும் போட்டேன். ஊர் தப்பியிருக்கும். செவ்வாய்க்கிழமைக் கோப்புக்குக் கேள்வி வந்திருக்கும், விளக்கம் தேவை என்று ஒருமுறை திரும்பி வந்திருக்கும். முந்தைய பதினொன்றில் ஒன்றுகூட அப்படி வந்ததில்லை. அதுவும் நாற்பது பேருக்குப் பாடம் எடுத்த பிறகு.

இனி என் மனைவி.

என் அறிக்கைகளை அவள்தான் முதலில் படிப்பாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் பிழை திருத்துவாள். ஒற்று விட்டுப்போனால் விடமாட்டாள். இதையும் படித்தாள். நாற்பதாவது பக்கத்தில் பென்சில் நின்றது.

"ஏங்க, புதன்கிழமையும் புழுதியா?"

"ஆமா."

"அன்னைக்கு வெள்ளப் போர்வைய மாடியில காயப்போட்டேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"நம்ம பக்கம் இல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும்தான்."

"புயல் ஒரு தெருவுல மட்டுமா அடிக்கும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப என் தங்கச்சிக்கு எதுக்குப் போன் பண்ணீங்க?" என்றாள். சும்மா ஒரு முன்ஜாக்கிரதை என்றேன். "அந்த முன்ஜாக்கிரதைய ஏணிக்காரர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதாவது நியாயமாகத்தான் சொல்லியிருப்பேன். மீதி எழுபது பக்கத்தையும் அவள் திருத்திக்கொடுத்தாள். ஒரு பிழைகூட மிச்சமில்லை. மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு முப்பது நாள் வைக்க வேண்டும் என்பது விதி. யாராவது ஆட்சேபம் எழுதினால், அதையும் பதிலையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். பதினொரு முறை வைத்திருக்கிறேன், ஒருவரும் எழுதியதில்லை. எங்கள் அறிக்கையைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்த முறை இருபத்தெட்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது.

ஐந்தே வரி. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, இந்த அறிக்கையை எழுதியவர் என் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, அவள் மகளை மறுநாள் அந்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றார். வெறும் புழுதி என்றால் ஏன் அப்படிச் சொன்னார் என்று விசாரிக்க வேண்டுகிறேன். கீழே பெயர், பெயருக்குக் கீழே 'இந்த அறிக்கையைப் பிழை திருத்தியவர்' என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதத்தை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். தபாலைப் பிரிப்பது நான், பதிவேட்டில் ஏற்றுவது நான், கேட்க ஆள் இல்லை. ஏன் கிழிக்கவில்லை என்று இந்த மூன்று நாளாக நீங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்று மேடம்கூடக் கேட்டார். எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. விதியில் இணைக்க வேண்டும் என்று இருக்கிறது, இணைத்தேன், அவ்வளவுதான். ஆட்சேபத்துக்கு நான்கு பத்தியில் பதிலும் எழுதினேன். குழந்தையின் வயிற்றுவலி காற்றின் தரத்தோடு தொடர்புடையது அல்ல, குடும்பத்தினருக்கிடையேயான தொலைபேசி உரையாடல் அறிவியல் ஆதாரமாகாது என்று. நல்ல பதில். இப்போது படித்தாலும் ஒரு சொல்லை மாற்றத் தோன்றாது. கோப்பு இன்றுவரை திரும்பி வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கோப்புக்குப் பதிலாக நீங்கள்தான் வந்தீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கிடங்கு புகைகிறது என்று தெரிந்து தண்ணீர் வரவிடாமல் தடுத்தது நான். தகரம் போடச் சொன்னது நான். தவறான அறிவிப்பு எழுதியது நான். பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னதும் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை, மேடத்துக்கு ஒன்றும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. ஏணிக்காரரைப் பற்றித்தான்.

அவர் பதினாறு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது பேசுவதில்லை. தேநீர்க் கடைக்குப் போவதில்லை. அதனால் தினமும் காலையில் நானே இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு வந்து அவரோடு படிக்கட்டில் உட்காருவேன். முதல் வாரம் முழுக்க ஒரே கேள்விதான் கேட்டார். "சார், அன்னைக்கு நான் பாப்பாவ அனுப்பாம இருந்திருந்தா?" அந்தக் கேள்வி ஒரு மனிதனைத் தின்றுவிடும். நான் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னேன், "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. யார் மேலயும் இல்ல. இயற்கைய யாரால தடுக்க முடியும்?" அவர் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தார். இப்போதெல்லாம் காற்று வேகமாக அடித்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார். "பாழாப்போன காத்து" என்று திட்டுகிறார். திட்டட்டும். மனிதர்களை வெறுப்பதைவிடக் காற்றை வெறுப்பது எவ்வளவோ மேல். காற்றுக்கு வலிக்காது, அவருக்கும் மனம் ஆறும்.

அதனால் இந்த வாக்குமூலத்தை அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை நான் வரவில்லையே என்று தேடுவார். வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் தாங்க மாட்டார். ஆறுதல் சொல்ல அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?